சாயங்காலம் மலையேற வேண்டியவளுக்கு எந்த வலி ஊசி?

காலையில் ஆப்பரேஷன், சாயங்காலம் வீடு. சேலம் நகரத்துக்குள் குடியிருப்பவர்களுக்கு இது ஓர் ஆட்டோ தூரம். ஏற்காட்டு மலையில் உள்ள செம்மநத்தத்திலிருந்து வந்தவருக்கோ அது ஒரு மலைப் பயணம். சேலம் கடல் மட்டத்திலிருந்து முந்நூறு மீட்டருக்கும் குறைந்த உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர். நடுவில் 20 கொண்டை ஊசி வளைவுகள். மேலே போய்ச் சேர்ந்த பிறகும் சேர்வராயன் மலைக் கிராமங்களுக்குப் பிரியும் பாதைகள் ஏற்றமும் இறக்கமும் திருப்பமுமாகவே போகும். தொப்புள் குடலிறக்கத்தைத் தைத்துக்கொண்ட ஒரு பெண், காப்பித் தோட்டத்தில் கூலி வேலை பார்ப்பவள், அன்று மாலையே இந்த வழியாகத் திரும்புகிறாள் என்று வைத்துக்கொள்வோம். நான் எழுதப்போவது எல்லாம் அவளை மனத்தில் வைத்துத்தான்.

ஆப்பரேஷன் தியேட்டரில் வலி மருந்தைத் தேர்ந்தெடுக்கும்போது மயக்க மருத்துவர் பார்ப்பது பெரும்பாலும் கடிகாரத்தை. எத்தனை நிமிடத்தில் மருந்து பிடிக்கிறது, எத்தனை நிமிடத்தில் நோயாளி கண் விழிக்கிறார், எத்தனை மணிக்கு வீட்டுக்கு அனுப்பலாம். இவை தேவையான கேள்விகள்தாம். ஆனால் தியேட்டரின் கதவைத் தாண்டியும் கேள்விகள் இருக்கின்றன. பத்தாவது வளைவில் அவளுக்கு எப்படி இருக்கும்? இரவு பத்து மணிக்கு, மருந்துக் கடை எட்டாத ஊரில், வலி எப்படி இருக்கும்? ஐம்பது ஆண்டுகளில் வலி மருந்துகள் மாறிய கதையை இந்தக் கேள்விகளோடு படித்தால், எது முன்னேற்றம் என்பதற்கே வேறு விடை கிடைக்கிறது.

முதலில் அன்றைய வார்டு. 1970களில் மாவட்ட ஆஸ்பத்திரியில் குடலிறக்க ஆப்பரேஷன் என்றால் தையல் பிரித்த பிறகுதான் வீடு. ஒரு வாரம், பத்து நாள் கட்டில். மயக்கத்துக்குப் பெரும்பாலும் ஈதர், அல்லது முதுகில் போடும் ஊசி. 1846 அக்டோபரில் பாஸ்டன் நகரத்தில் வில்லியம் மார்ட்டன் ஊரறியச் செய்து காட்டிய அதே ஈதர், இந்தியாவின் சிறிய ஆஸ்பத்திரிகளில் இருபதாம் நூற்றாண்டின் கடைசிக் காலம்வரை ஓடியது. மூச்சை அவ்வளவாக அடக்காது, ஓரளவு வலியையும் தானே போக்கும். கருவிகள் குறைந்த இடத்தில் உயிர் காத்த மருந்து அது. விலையாக வந்தது வாந்தி. கண் விழித்தவர் மணிக்கணக்கில் ஓங்கரித்துக்கொண்டே கிடப்பார். ஆனால் அந்த வாந்தி, வலி, தள்ளாட்டம் எல்லாம் வார்டிலேயே நடந்து வார்டிலேயே முடிந்தன. பக்கத்துக் கட்டிலில் இருப்பவருக்கும் கூட வந்த அக்காவுக்கும் இரவு நர்ஸுக்கும் அது தெரியும். அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள பெரிய வித்தியாசத்தை நான் இங்கேதான் காண்கிறேன். கட்டில் சுமந்த வேலையை இன்று வீடு சுமக்கிறது.

அன்று வலிக்கு என்ன கொடுத்தார்கள்? அபினிலிருந்து எடுக்கும் மார்ஃபின் இருந்தது. 1939 வாக்கில் ஜெர்மனியில் ஆய்வுக்கூடத்திலேயே செய்யப்பட்ட பெத்திடின் இருந்தது. மார்ஃபினை ரத்தக் குழாயில் போட்டாலும் முழு வேகம் காட்ட இருபது நிமிடம் ஆகும், பிறகு மூன்று நான்கு மணி நேரம் நிற்கும். பெத்திடின் அதில் பத்தில் ஒரு பங்கு வலிமை, கொஞ்சம் குறுகிய நேரம். அது உடலுக்குள் சிதைந்து உண்டாகும் நார்பெத்திடின் சேர்ந்துபோனால் வலிப்புகூட வரலாம். இரண்டுமே குமட்டல் தருபவை, இரண்டுமே மூச்சைக் குறைப்பவை. வார்டில் கண்காணிக்க ஒரு நர்ஸுக்கு நாற்பது நோயாளி என்ற நிலையில், மூச்சு குறையுமே என்ற பயத்தால் ஊசியைத் தள்ளிப்போட்டார்கள். அந்தப் பயத்தில் நியாயம் இல்லாமலில்லை. விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜனைக் காட்டும் கருவியின் தத்துவத்தை ஜப்பானின் தகுவோ அவோயாகி 1974இல் வெளியிட்டார். நம் ஊர் தியேட்டர்களுக்கு அது வர இன்னும் பல ஆண்டுகள் ஆயின. அதுவரை நகத்தின் நிறத்தையும் உதட்டின் நிறத்தையும் பார்த்தே மூச்சை மதிப்பிட்டார்கள்.

பிறகு சட்டம் வந்தது. 1985ஆம் ஆண்டின் போதைப் பொருள் தடுப்புச் சட்டம் கடத்தல்காரர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. அடி விழுந்தது ஆஸ்பத்திரி மருந்து அலமாரியில். உரிமங்கள் பல, கையெழுத்துகள் பல, கணக்கில் ஓர் ஆம்பூல் தவறினால் சிறை வரும் என்ற அச்சம். மார்ஃபின் வாங்குவதையே ஆஸ்பத்திரிகள் நிறுத்தின. அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளில் நாட்டின் மருத்துவ மார்ஃபின் பயன்பாடு ஏறத்தாழ 97 சதவீதம் சரிந்தது. உத்தரப் பிரதேசத்தின் காஜிபூரில் 1820 முதல் அரசு அபின் ஆலை நடக்கிறது. உலகத்து மருந்து ஆலைகளுக்குச் சட்டப்படி அபின் அனுப்பும் நாடு இது. அதே நாட்டில் கால் எலும்பு முறிந்து கிடப்பவருக்கு மார்ஃபின் இல்லை. எனக்கு இன்றும் ஆறாத கோபம் இதில்தான். 2017இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் கணக்கிட்டுச் சொன்னபோது, இந்தியாவுக்குத் தேவையான வலி நிவாரண மார்ஃபினில் 4 சதவீதம்தான் நோயாளிகளுக்குக் கிடைத்துக்கொண்டிருந்தது.

அந்த வெற்றிடத்தில் நுழைந்தது பென்டசோசின். ‘ஃபோர்ட்வின்’ என்று சொன்னால் பழைய நர்ஸுகள் எல்லாருக்கும் தெரியும். கடும் பூட்டு தேவைப்படாததால் எங்கும் கிடைத்தது. கூடவே தூக்கம் தரும் ஒரு பீனர்கன், சில இடங்களில் ஒரு காம்போஸ். ஒரு அளவுக்கு மேல் கொடுத்தாலும் வலி அதற்கு மேல் குறையாத மருந்து அது. சிலருக்கு மனம் கலங்கும், இல்லாதது கண்ணில் தெரியும். தனியாக இயங்கும் சிறிய ஆஸ்பத்திரிகளில் கெட்டமின் துணை செய்தது. அதிலும் விழிக்கும்போது பயங்கரக் கனவுகள். ஏழைகளின் ஆப்பரேஷன்கள் பெரும்பகுதி இந்த இரண்டின் தயவில் நடந்தன.

அந்தக் காலத்தில் ‘அன்றே வீடு’ என்பது இருந்ததா என்று கேட்டால், இருந்தது. குடும்பக் கட்டுப்பாட்டு முகாம்களில் இருந்தது. 1971 ஜூலையில் எர்ணாகுளத்தில் நடந்த ஒரே முகாமில் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களுக்குக் கருத்தடை செய்தார்கள். பிறகு பெண்களுக்கு லேப்ராஸ்கோப் முகாம்கள் வந்தன. தோலுக்கு மரத்துப்போகும் ஊசி, கையில் ஒரு ஃபோர்ட்வின், ஐந்து நிமிட ஆப்பரேஷன், சில மணி நேரம் பாயில் படுக்கை, பிறகு வண்டி. எண்ணிக்கைதான் குறிக்கோளாக இருந்தது. அந்தப் பெண் வீட்டுக்குப் போய் என்ன பாடு பட்டாள் என்று எழுத எந்தப் பதிவேட்டிலும் கட்டம் இல்லை. 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் மாவட்டத்தில் ஒரே அறுவை மருத்துவர் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு ஆப்பரேஷன் செய்தார். அந்த வாரத்து முகாம்களில் 13 பெண்கள் இறந்தார்கள். 2016 செப்டம்பரில் தேவிகா பிஸ்வாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இத்தகைய முகாம்களை மூன்று ஆண்டுக்குள் நிறுத்தச் சொன்னது. வேகம் மட்டுமே அளவுகோலானால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடக் கசப்பான சான்று வேண்டாம்.

இன்றைக்கு வருவோம். சேலத்தில் 1986இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரி, மோகன் குமாரமங்கலம் பெயரில் இயங்குகிறது. மலைக்காரர்களுக்குப் பெரிய ஆஸ்பத்திரி அதுதான். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் வந்த பிறகு தனியார் ஆஸ்பத்திரிகளின் கதவும் ஓரளவு திறந்திருக்கிறது. தியேட்டருக்குள் ஈதர் வாடை இல்லை. 1986இல் சந்தைக்கு வந்த புரொபஃபால், பால் போன்ற வெள்ளை மருந்து, நிமிடத்தில் தூங்க வைத்து நிமிடங்களில் விழிக்க வைக்கிறது. வலிக்கு ஃபென்டனில்.

பெல்ஜியத்தின் பால் யான்சென் 1960இல் உருவாக்கிய ஃபென்டனில், மார்ஃபினைப்போல 80 முதல் 100 மடங்கு வலிமை உடையது. அதனால்தான் மில்லிகிராமில் அல்ல, மைக்ரோகிராமில் கொடுக்கிறார்கள். நம் காப்பித் தோட்டத்துப் பெண் ஐம்பது கிலோ இருந்தால், இரண்டு மில்லி ஆம்பூல் ஒன்று, 100 மைக்ரோகிராம், அவளுடைய ஆப்பரேஷனுக்குப் போதும். ஓரிரு நிமிடத்தில் பிடிக்கும், அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் நிற்கும். கொழுப்பில் கரையும் மருந்து என்பதால் ஒரே ஊசியோடு நிறுத்தினால் விரைவில் ரத்தத்திலிருந்து உடலின் மற்றப் பகுதிகளுக்குப் பரவித் தணிந்துவிடும். மணிக்கணக்கில் திரும்பத் திரும்பக் கொடுத்தால் சேர்ந்துகொண்டு, பிறகு மெதுவாகவே வெளியேறும். அமெரிக்கத் தெருக்களில் ஃபென்டனிலால் சாகிறவர்களைப் பற்றிய செய்திகளைப் படித்துவிட்டு, ஆஸ்பத்திரியில் அந்தப் பெயரைக் கேட்டதும் சொந்தக்காரர்கள் மிரளுகிறார்கள். அங்கே கொல்வது கள்ளத்தனமாகச் செய்த, அளவே தெரியாத தூள். இங்கே மயக்க மருத்துவர் பக்கத்தில் நின்று, மூச்சையும் ஆக்சிஜனையும் பார்த்துக்கொண்டு அளந்து கொடுப்பது. அளவு மிஞ்சினால் மாற்று மருந்தான நலாக்சோன் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்.

சட்டமும் இளகியது. அதற்கு உழைத்தவர்களில் முதன்மையானவர் கேரளத்தின் எம்.ஆர். ராஜகோபால்; அவரும் மயக்க மருத்துவர்தான். 1993இல் கோழிக்கோட்டில் வலி நிவாரண கிளினிக் தொடங்கியவர். அவரும் அவரைப் போன்றவர்களும் இருபது ஆண்டு மன்றாடியதன் பலனாக 2014இல் சட்டம் திருத்தப்பட்டது. மார்ஃபின், ஃபென்டனில் உள்ளிட்ட ஆறு மருந்துகள் அத்தியாவசியமானவை என்று தனியாக வகுக்கப்பட்டன. அங்கீகாரம் பெற்ற ஆஸ்பத்திரி ஒரே அனுமதியில் வைத்துக்கொள்ளலாம். அலமாரிக்கு இரட்டைப் பூட்டு இருக்கிறது, காலி ஆம்பூலைக்கூடக் கணக்கில் காட்ட வேண்டும். இருக்கட்டும். மருந்து உள்ளே இருக்கிறதே, அது போதும்.

ஃபென்டனிலின் தம்பிமார்களும் உண்டு. ஆல்ஃபென்டனில் இன்னும் வேகமாகப் பிடித்துப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் விடும். சுஃபென்டனில் ஃபென்டனிலைப்போல ஐந்து முதல் பத்து மடங்கு வலிமை. எல்லாவற்றிலும் வியப்பானது ரெமிஃபென்டனில். 1996இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நம் நாட்டில் நெடுங்காலம் கிடைக்காமலிருந்தது. மற்ற மருந்துகள் கல்லீரலுக்காகக் காத்திருக்க, இதை ரத்தத்திலும் திசுக்களிலும் உள்ள நொதிகளே உடைத்துவிடுகின்றன. பத்து நிமிடம் ஓட்டினாலும் நான்கு மணி நேரம் ஓட்டினாலும், நிறுத்தினால் மூன்று நான்கு நிமிடத்தில் ரத்தத்தில் அதன் அளவு பாதியாகிவிடும். குழாயை மூடினால் தண்ணீர் நிற்பதுபோல. அன்றே வீட்டுக்கு அனுப்பும் ஆப்பரேஷனுக்கு இதைவிடப் பொருத்தமான மருந்து உண்டா என்று தோன்றும். எனக்கும் படித்தபோது அப்படித்தான் தோன்றியது.

ஆனால் வலி மருந்து நான்கு நிமிடத்தில் போனால் ஐந்தாவது நிமிடத்தில் வருவது வலி. 2007இல் வெளியான ஒரு மதிப்பீடு, ரெமிஃபென்டனிலை அதன் அண்ணன் தம்பிகளோடு ஒப்பிட்ட 85 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. ஆப்பரேஷனின்போது வலியை அது ஆழமாக அடக்குகிறது, நோயாளி சில நிமிடம் முந்தி விழிக்கிறார், பிறகு மூச்சுத் தொல்லைக்காக நலாக்சோன் தேவைப்படுவதும் குறைவு. மறுபக்கம், விழித்த பின் கூடுதல் வலி மருந்து கேட்பவர்களும் குளிரில் நடுங்குபவர்களும் அதிகம். சம்பாதித்த அந்தச் சில நிமிடங்கள் தியேட்டருக்குப் பயன்படும், அடுத்த நோயாளியை உள்ளே எடுக்கலாம். மூன்று மணி நேரம் கழித்து வண்டி ஏறுபவளுக்கு அதனால் என்ன லாபம்?

அவளுக்கு உண்மையான எதிரி வாந்தி. மலை வண்டியில் ஏறும்போதே எலுமிச்சம்பழத்தை மூக்கருகில் பிடித்துக்கொள்பவர்களை ஏற்காடு பேருந்தில் எந்த நாளும் பார்க்கலாம். ஜெர்மானிய மயக்க மருத்துவர் கிறிஸ்டியன் ஆப்ஃபெல் 1999இல், ஆப்பரேஷனுக்குப் பின் யாருக்கு வாந்தி வரும் என்று முன்கூட்டிச் சொல்ல நான்கே கேள்விகளை வகுத்தார். பெண்ணா? புகை பிடிக்காதவரா? முன்பு ஆப்பரேஷனுக்குப் பின்போ, பயணத்திலோ குமட்டல் வந்ததுண்டா? ஆப்பரேஷனுக்குப் பின் அபின் வகை மருந்து கொடுக்கப் போகிறோமா? ஒன்றுக்கும் ஆம் இல்லையென்றால் வாந்திக்கான வாய்ப்பு பத்தில் ஒன்று. நான்குக்கும் ஆம் என்றால் பத்தில் எட்டு. நம் பெண்ணுக்கு முதல் மூன்றும் ஆம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவற்றை யாராலும் மாற்ற முடியாது. நான்காவது மட்டும் டாக்டர் கையில். மேலும் அந்தக் கணக்கு ஆஸ்பத்திரிப் படுக்கையில் இருப்பவருக்குப் போட்டது. 20 வளைவுகள் அதில் சேரவில்லை. வாந்தி எடுக்கும் ஒவ்வொரு முறையும் இறுகுவது புதிதாகத் தைத்த வயிறு.

மருந்தின் பெயரை மாற்றினால் வாந்தி குறையுமா? இதற்கு நேரான பதில் இருக்கிறது. அதே ஆப்ஃபெல் 2004இல், ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளை வைத்து ஆறு மாற்றங்களை ஒரே ஆய்வில் சோதித்தார். ஒண்டான்செட்ரான், டெக்ஸாமெத்தசோன், டிராபெரிடால் ஆகிய வாந்தித் தடுப்பு மருந்துகள் மூன்றும் தனித்தனியே வாந்தியை ஏறக்குறைய கால் பங்கு குறைத்தன. வாயு மயக்கத்துக்குப் பதில் புரொபஃபாலே ஓட்டினால் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. ஃபென்டனிலுக்குப் பதில் ரெமிஃபென்டனில் கொடுத்ததால் ஒன்றும் குறையவில்லை. எந்த அபின் மருந்து என்பதில் அல்ல, ஆப்பரேஷனுக்குப் பிறகு அது எவ்வளவு தேவைப்படுகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. டெக்ஸாமெத்தசோனும் ஒண்டான்செட்ரானும் சில ரூபாய் ஊசிகள்; எந்த அரசு ஆஸ்பத்திரியிலும் கிடைப்பவை.

அதனால் அவளுக்கு நான் கேட்பது இது. தூங்கும்போது ஃபென்டனில் ஒரு முறை, அளவாக. வெட்டும் இடத்தைச் சுற்றி நெடுநேரம் மரத்திருக்கும் புபிவக்கேன். வசதி இருந்தால் ஸ்கேன் பார்த்து வயிற்றுத் தசை அடுக்குக்குள் போடும் நரம்பு ஊசி. பாராசிட்டமால், சிறுநீரகமும் வயிறும் சரியாக இருந்தால் டைக்ளோஃபெனாக், இரண்டையும் வலி வரும் முன்னே. இப்படிச் செய்தால் அவள் மலையேறும்போது காயம் இன்னும் மரத்தே இருக்கும். அபின் வகையை அறவே விலக்கிவிடலாமே என்று சில ஆண்டுகளாக ஒரு குரல் கேட்கிறது. பிரான்சில் ஃபென்டனில் வகைக்குப் பதில் அபின் வகை அல்லாத டெக்ஸ்மெடட்டோமிடின் கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வை, இதயத் துடிப்பு ஆபத்தான அளவுக்கு இறங்கியதால் பாதியிலேயே நிறுத்தினார்கள். முடிவு 2021இல் வெளியானது. ஐம்பது ஆண்டு வலி மருந்துக்கு ஏங்கிய நாட்டில், முற்றாக விலக்கு என்ற கோஷத்தை நான் ஏற்க மாட்டேன்.

இரவு தனிக் கதை. காயத்தின் மரப்பு நள்ளிரவுக்கு முன்போ பின்போ தெளியும். டிஸ்சார்ஜ் சீட்டில் ட்ரமடால் எழுதிக் கொடுப்பது வழக்கம். அதுவும் அபின் உறவுள்ள மருந்துதான், 2018 முதல் போதைப் பொருள் சட்டத்துக்குள் வருகிறது, அதற்கும் குமட்டல் உண்டு. 1,500 மீட்டர் உயரத்தில் மூச்சோடு உள்ளே போகும் ஆக்சிஜனின் அழுத்தம் சமவெளியைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. பழகிய உடம்புக்கு அது தெரியாது. தூக்கத்தில் மருந்தால் மூச்சு மந்தமாகும்போதுதான், கையிருப்பு குறைவு என்பது தெரியும். குறட்டை விடுபவருக்கும், மாத்திரையோடு சாராயமும் சேர்ந்தவருக்கும் இது விளையாட்டல்ல. மிச்ச மாத்திரைகள் வீட்டில் யார் கைக்குப் போகும் என்பதும் கவலை. வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொண்ட இளைஞர்களைப் பற்றித் தமிழ்நாட்டுப் பத்திரிகைகள் எத்தனையோ முறை எழுதிவிட்டன. மூன்று நாளைக்குப் பாராசிட்டமாலை நேரம் தவறாமல், கூட வீக்கம் குறைக்கும் ஒரு மாத்திரை, மிகத் தேவையென்றால் மட்டும் எண்ணிக் கொடுத்த நான்கைந்து ட்ரமடால். அதற்கு மேல் வேண்டாம்.

மாத்திரையை எண்ணிக் கொடுத்து அனுப்பினால் மட்டும் போதாது, அனுப்பிய பிறகும் பார்க்க வேண்டும். கிளாஸ்கோவின் அறுவை மருத்துவர் ஜேம்ஸ் நிக்கல் 1909இல், பத்து ஆண்டுகளில் 8,988 குழந்தைகளுக்கு ஆப்பரேஷன் செய்து அன்றே வீட்டுக்கு அனுப்பியதைப் பற்றி எழுதினார். அன்றே வீடு என்ற வழக்கத்துக்கு அதுதான் முன்னோடி. அவர் குழந்தைகளை அனுப்பிவிட்டுக் கைகழுவவில்லை. நர்ஸுகள் வீடு தேடிப் போய்ப் பார்த்தார்கள். பால் குடிக்கும் குழந்தையோடு வரும் தாய்மார் தங்க ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு சிறு வீடும் வைத்திருந்தார். இன்று உலகம் முழுக்க அனுப்பும் நேரத்தில் போடும் மதிப்பெண், டொராண்டோவின் பிரான்சஸ் சுங் வகுத்தது: நாடித் துடிப்பும் ரத்த அழுத்தமும், நடை, குமட்டல், வலி, ரத்தக் கசிவு. பத்துக்கு ஒன்பது வந்தால் போகலாம். எந்த ஊர் என்று அது கேட்பதில்லை.

சேலத்தில் அதைக் கேட்டாக வேண்டும். எந்த ஊர், எந்த வண்டி, எத்தனை மணி நேரம், இரவு கூட யார். செம்மநத்தம் என்று பதில் வந்தால் காலை முதல் பட்டியலில் அவள் பெயர் இருக்க வேண்டும். மதியத்துக்குப் பின் முடிந்த ஆப்பரேஷன் என்றால் அன்றிரவு சேலத்திலேயே தங்க ஓர் இடம் வேண்டும். பிரசவ நாள் நெருங்கிய மலைப் பெண்கள் முன்கூட்டி வந்து தங்கத் தமிழ்நாட்டின் சில ஆரம்ப சுகாதார நிலையங்களில் காத்திருப்பு அறைகள் ஏற்கெனவே உண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையோடு வீட்டுக்கே போகிறது. படுத்த படுக்கையான நோயாளிகளின் வலியையும் பார்க்கிறது. ஆப்பரேஷன் முடிந்து திரும்பியவளையும் மறுநாள் காலை அந்தப் பட்டியலில் சேர்க்கலாம். அவளிடம் கேட்க வேண்டியவை நான்கைந்துதான்: வழியில் எத்தனை முறை வாந்தி, ராத்திரி வலியில் எழுந்தாயா, எத்தனை மாத்திரை போட்டாய், எத்தனை மிச்சம், ஒன்றுக்குப் போனாயா. அந்தப் பதில்கள் மலையிறங்கி, ஊசியைத் தேர்ந்தெடுத்த மயக்க மருத்துவரின் மேசைக்கு வந்து சேர வேண்டும்.